அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடத்துக்கும் மேலாகத் தங்கள் இதழுக்குச் சந்தா கட்டி வாசிக்கிறேன். சென்ற இதழில், போலந்தில் இருக்கும் உக்ரேனிய அகதிகளைப் பற்றிய கட்டுரையில் "நாடு விட்டு நாடு போவது உக்ரேனியர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம்" என்று ஒரு வரி. அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

1991இல் மருத்துவம் படிக்க உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்குப் போனவன் நான். எங்கள் விடுதி வாசலில் உட்கார்ந்து அறைச் சாவிகளை வாங்கி வைக்கும் பாட்டி ஒருவர் இருந்தார். பொல்டாவா பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒருநாள் பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவின் அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டை எடுத்துக் காட்டினார். நீலத் துணியில் வெள்ளை எழுத்தில் 'ஓஸ்ட்' என்று இருந்தது. ஜெர்மன் மொழியில் கிழக்கு. ஓரத்தில் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. நாஜி ஜெர்மனி உக்ரைனைப் பிடித்திருந்த 1942இல், பதினேழு வயதில், அவரை ரயிலேற்றிக்கொண்டு போய் ஜெர்மன் தொழிற்சாலை ஒன்றில் வேலை வாங்கியவர்கள் நெஞ்சில் தைத்துக்கொள்ளச் சொன்ன அடையாளம் அது. உக்ரைனிலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். ஊர் திரும்பியபோது சொந்த அரசே அவர்களைச் சந்தேகித்தது. வேலைக்கான படிவத்தில்கூட, எதிரி பிடித்திருந்த பகுதியில் இருந்தாயா என்று கேட்பார்களாம். அந்தத் துணியைக் கணவருக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்து, சோவியத் யூனியன் போன பிறகு அயல்நாட்டுப் பையனான என்னிடம் காட்டினார்.

அவர் ரத்தத்தில் என்ன ஊறியிருந்தது, ஐயா?

தாங்கள் அறியாத சரித்திரம் இல்லை. 1891 முதல், இன்றைய மேற்கு உக்ரைனில் இருக்கும் கலிசியாவிலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் உண்டு. பாகம் பிரித்துப் பிரித்துச் சுருங்கிய நிலம் வயிற்றுக்குப் போதாமல் போனார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1933 ஜனவரி 22 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலினும் பிரதமர் மொலோடோவும் கையெழுத்திட்ட ஆணையை எங்கே வைப்பது? பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த விவசாயி உக்ரைனை விட்டு வெளியே போகக் கூடாது என்றது அந்த ஆணை. தப்பி வந்தவர்களைப் பிடித்து, சோறில்லாத அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். போகவே விடாமல் அடைத்துக் கொன்றதும் அந்த மக்களைத்தான்.

இன்னொன்று. போலந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் 'விஸ்துலா நடவடிக்கை'யைத் தொடவே இல்லை. 1947இல் தன் தென்கிழக்குப் பகுதியில் இருந்த உக்ரேனியர்களையும், கார்பாத்திய மலைப்பகுதி மக்களான லெம்கோக்களையும், சுமார் 1,40,000 பேரை, போலந்து அரசு கிளப்பிக் கொண்டுபோய் வடக்கிலும் மேற்கிலும் சிதறவிட்டது. ஓரிடத்தில் சேர்ந்து வாழக் கூடாது என்பதே திட்டம்.

பழைய மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். செர்னோபில் அணு உலை விபத்தில் காலியான உக்ரைன் நகரம் பிரிப்யாத்தின் படத்தைப் போட்டு 'கைவிடப்பட்ட ரஷ்ய நகரம்' என்று எழுதியிருந்தீர்கள். 1986 ஏப்ரல் 27 அன்று, மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேருந்தில் ஏற்றப்பட்ட ஊர் அது. அப்போதே எழுதினேன். ரஷ்யா படையெடுத்தபின் 2022 மார்ச்சில், அங்கே படித்த நம் பிள்ளைகள் குண்டுச் சத்தத்துக்கு நடுவே கார்கிவிலிருந்து பக்கத்து ஊரான பிசோச்சினுக்கு நடந்ததைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். நன்றியோடுதான் படித்தேன். அப்போது கார்கிவ் மெட்ரோ நிலையங்களில் தரையில் படுத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கக் கூடாதா என்று அப்போதும் எழுதினேன். இரண்டு கடிதமும் வெளிவரவில்லை.

பாட்டியின் பேத்தி அந்தத் தரையில்தான் படுத்திருந்தாள். பதினெட்டிலிருந்து அறுபது வயது வரையுள்ள ஆண்கள் எல்லை தாண்டக் கூடாது என்று அப்போது விதி இருந்ததால் கணவனை ரயிலடியில் விட்டுவிட்டு, மகனோடு போலந்து போனாள். ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துக் கிடக்கிற கார்கிவ் வீட்டுக்கு இன்றும் மாதாமாதம் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறாள். கட்டாவிட்டால் வீடு கைவிட்டுப் போனதுபோல் இருக்கிறது என்கிறாள்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். சந்தா விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அப்படியே, ஊர்ப் பெயரை ரஷ்ய உச்சரிப்பில் 'கார்கோவ்' என்று அச்சிடுவதையும் நிறுத்துங்கள். அந்த ஊருக்குப் போன முதல் வாரம் நானும் அப்படித்தான் சொன்னேன். சாவியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, 'கார்கிவ்' என்று என்னைச் சொல்ல வைத்தவர் அந்தப் பாட்டிதான்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்,
நாகர்கோவில்.