பழைய வண்டி வாங்கிய நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும் நீ கார் வாங்கிய செய்தியும் ஒன்றாக வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. மகளுக்குத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க வண்டியைப் பற்றித்தான்.

பத்து வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பதிவும் இல்லை, மீட்டர் பலகையில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பி0171 என்ற எண் வந்திருக்கிறது, ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். உடனே சரி என்று சொல்லாமல் விட்டாயே, அது நல்ல காரியம். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" நல்ல மெக்கானிக்குக்கும் பாகம் மாற்றுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

பி0171 என்றால் இன்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோலுக்குத் தேவையான அளவை விடக் காற்று கூடுதலாக இருக்கிறது என்று பொருள். அது ஏன் என்பதை அந்த எண் சொல்லாது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சுவதை ஆக்ஸிஜன் சென்சார் கவனித்துச் சொல்கிறது. அது தன் வேலையைச் செய்வதால்தான் பெரும்பாலும் விளக்கே எரிகிறது. அதை மாற்றிவிட்டு விளக்கை அணைத்தால், சில நாள் ஓட்டத்தில் அதே எண் திரும்ப வரும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேனரிலேயே வழி இருக்கிறது. ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் காட்டும், ஒன்று குறுகிய காலத்துக்கு, மற்றொன்று நீண்ட காலத்துக்கு. கலவையைச் சரிக்கட்ட இன்ஜினின் கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வண்டி நன்றாகச் சூடான பின் ஐடிலில் (நின்ற வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு முறையும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்துவைத்து ஒரு முறையும் பார்க்கச் சொல். ஐடிலில் +20 சதவீதம் இருந்து, சுற்று ஏறியதும் +4, +5 என்று இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் பெரிய பங்காகத் தெரியும். வேகம் ஏறினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி குழாய், பெடலின் அழுத்தத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பத்து வருட ரப்பர் வளையும் இடத்தில் அடிப்பக்கமாக வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால், எந்த இடத்தில் புகை வருகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஐடிலில் எண் சரியாக இருந்து, ஏற்றத்திலோ வேகத்திலோ கூடினால் கதை வேறு. பெட்ரோல் போதவில்லை: பம்பு பலவீனம் அல்லது ஃபில்டர் அடைப்பு. இல்லையென்றால் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் தூசி படிந்து, வருகிற காற்றைக் குறைத்துச் சொல்கிறது. அந்த சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும். உள்ளே உள்ள மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடக் கூடாது. பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். (நான் சொல்லும் இந்தக் கணக்கு மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் காற்றுக் கசிவு பெரும்பாலும் ஐடில் வேகம் ஏறுவதாகத் தெரியும்.) ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று கலந்து இதே எண் வரும். இத்தனையும் பார்த்து ஒதுக்கிய பிறகு சென்சார் மேல் சந்தேகம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். மினுக் மினுக்கென்று அடித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிப்போகும். ஒரு ஸ்பார்க் பிளக்கோடு முடிய வேண்டிய செலவு அதன் பல மடங்காகிவிடும்.

அடுத்து, காலியான சர்வீஸ் புத்தகம். விற்றவர் வாயால் என்ன சொல்லியிருந்தாலும், ரசீது இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள். எல்லாவற்றையும் இன்றைய தேதியிலிருந்து தொடங்கு.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகள் பிஸ்டனோடு இசைந்து திறந்து மூடும்படி ஓட்டும் பெல்ட். உன் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பார். பெல்ட் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்று. வண்டிக்கு வண்டி அளவு மாறும். பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். கூடவே இத்தனை வருடம் என்ற கணக்கும் இருக்கும், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் முன்னறிவிப்பு தராது. பல இன்ஜின்களில் அது அறுந்த கணமே பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றாதே. அதை இறுக்கிவைக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல். வாட்டர் பம்பு அந்த பெல்ட்டில் ஓடுகிறது என்றால் அதையும் மாற்றிவிடு. ஆறு மாதம் கழித்து பம்பு ஒழுகினால் இதே வேலையை முதலிலிருந்து பிரிக்க வேண்டும். செயின் என்றால் அதன் ஆயுள் ஆயிலின் கையில். அழுக்கு ஆயிலில் ஓடிய செயின் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி சலசலக்கும் சத்தம் அதற்கு அடையாளம்.

ஆயில் மாற்றுவது எளிய வேலை என்பதால்தான் அதில் கவனக்குறைவு அதிகம். கையேட்டில் எழுதியிருக்கும் தடிமன், 5டபிள்யூ-30 என்றோ வேறோ, அதையே ஊற்று. வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் போடலாம் என்று சொன்னால் காது கொடுக்காதே. இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்தால் அழுக்கு ஆயிலோடு கரைந்து வெளியே வரும். வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஒரு முறை நசுங்கியதும் அதன் வேலை முடிந்தது, புதிது போட வேண்டும். அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப் அலுமினியம் என்றால் போல்ட்டை ஓங்கி முறுக்கினால் மரை போய்விடும். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையமும் வழுக்கி, ஓடும்போது ஆயில் பீய்ச்சியடித்துக் கொட்டிவிடும். புது வளையத்தில் ஆயிலைத் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, பத்து நிமிடம் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்று. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் சுமார் ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டினால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு உலோகத்தைக் காப்பாற்றும் வலு இல்லை.

உன் வண்டியின் முந்தைய நிலை தெரியாததால், இந்த முதல் ஆயிலை மட்டும் 3,000 கிலோமீட்டரிலேயே வடித்துவிடு. உள்ளே படிந்த அழுக்கைப் புது ஆயில் கரைக்கும். அதை நெடுநாள் சுற்றவிட வேண்டாம். சிவப்பு நிற ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காதே. அங்கேயே நிறுத்து.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விஷயத்தில் எனக்கு உன்னைப் பற்றிக் கவலை, ஏனென்றால் ரேடியேட்டரில் "தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், துருவையும் கூட்டும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை, ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால், 125 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், மூடியையும் சோதிக்கச் சொல். நிறத்தைப் பார்த்து வாங்காதே, ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. கையேட்டில் உள்ள வகையைப் பார். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். குழாய் இணைப்புகளில் காய்ந்த வெள்ளைப் படிவம், வாட்டர் பம்பின் அடியில் ஈரம், காருக்குள் கால்மிதியடியில் இனிப்பு வாசனையோடு நசநசப்பு, இவற்றைத் தேடு. வெளியே எங்கும் இல்லாமல் குறைந்தால், இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

சூடு முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரம் கட்டி நிறுத்து. இன்ஜின் ஆறும் வரை மூடியில் கை வைக்காதே. ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலே அலுமினிய ஹெட் வளையக்கூடும். அதைக் கழற்றினால் நேர்க்கோல் வைத்து, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே வரம்பு. அளக்காமல் புது கேஸ்கெட் போட்டு மூடினால் சில மாதத்தில் மறுபடியும் அதே வேலை. ஹெட் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒரு முறைதான் பயன்படும், இழுபட்டு நீளும் வகை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் முறுக்கி, கடைசியில் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்ப வேண்டும். கை அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அதை மணிக்கட்டால் ஊகிக்க முடியாது.

பிரேக் ஆயிலைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 155 ஆகிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டும், ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். ஊரில் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாமல் இருந்து அங்கே கைவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று. பிரேக் பேட் தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒரே சக்கரத்தில் உள்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்கம் புதிது போல இருந்தால், புது பேட் மட்டும் போட்டு அனுப்பிவிடக் கூடாது. காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கின்றன. கழற்றி, துடைத்து, பிரேக்குக்குரிய கிரீஸ் தடவ வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

டயர் தன் குறையைத் தானே எழுதிக்காட்டும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் கூடுதல், ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரங்களின் கோணம் (அலைன்மென்ட்), அலை அலையாக என்றால் ஷாக் அப்சார்பரைப் பார். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்கிறாய். பேட்டரி வாங்கும் முன் மல்டிமீட்டரை எடு. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். இரண்டும் சரியென்றால், ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. கழற்றித் தேய்த்து இறுக்கினால் போதும்.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேலையைத் தொடங்கும் முன் உன்னோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாரா, சத்தம் குளிர்ந்த வண்டியிலா சூடான வண்டியிலா என்று கேட்கிறாரா என்று கவனி. கழற்றிய பாகத்தைக் கேட்டால் தயங்காமல் கையில் கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளைக் காற்று கன்னால் அடித்து முடித்துவிடாமல் கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் சரிபார்க்கிறவர் என்றால், பார்க்க முடியாத இடத்திலும் அப்படித்தான் செய்வார் என்று நம்பலாம். சோதித்துக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதே. ஒரு மணி நேரம் அளந்து பார்த்து ஒரு ரப்பர் குழாயை மட்டும் மாற்றியவர், தேவையில்லாத மூன்று பாகங்களின் விலையை உனக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார்.

ஐடிலிலும் 2,500 சுற்றிலும் வரும் ட்ரிம் எண்கள், பேட்டரியின் இரண்டு வோல்ட் அளவுகள், நான்கு டயரின் தேய்மானப் படம், இவற்றை அடுத்த கடிதத்தில் அனுப்பு. உன் இன்ஜினில் இருப்பது பெல்ட் என்றால், அதை மாற்றும் வரை நெடுந்தூரம் எங்கும் கிளம்பாதே.

அன்புடன்,
உன் நண்பன்