மூன்று கிண்ணம் நீர், ஒரு கிண்ணம் மருந்து

ஈப்போ,
ஜூலை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது இங்கே இரவு மணி பத்தரை. உன் மெல்பர்னில் பன்னிரண்டரை. அந்த நேரத்திலும் உன் முதுகுக்குப் பின்னால் கணினித் திரை எரிந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை, படுத்தால் கண் மூடவில்லை, இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என நீ சொன்னாய். தொலைபேசியில் பதில் சொன்னால் “சரிம்மா” என்று முடித்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உன் அப்பா காலமான ஆண்டில் எனக்கும் இதே நிலைதான் இருந்தது. நீ இறுதியாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததால் உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆறு வாரத்தில் உடம்பு பாதியாகிவிட்டதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மருந்துக் கடைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். உனக்கு அந்தக் கடை நினைவிருக்கும். சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும், நீ அழுதால் காசு வட்டத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும் புளிப்பு மிட்டாய்ச் சுருள் ஒன்றைக் கொடுப்பார்கள்.

அங்கிருந்த சின்சே, அதாவது சீன வைத்தியர், என் மணிக்கட்டை ஒரு சிறு துணித் திண்டின்மேல் வைக்கச் சொல்லி, மூன்று விரல்களைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார். ஆனால் அவர் தேடுவது வாதம், பித்தம், கபம். இவர் இடக்கையில் இருதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றையும், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம் என்றும் விரலுக்கு ஒன்றாகப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அதன் ஓரங்களில் பல் பதிந்த தடம் இருப்பதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். பிறகு மலாயில் கேட்டார்: “இரவில் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள்?” அதுவரை என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

சீன வைத்தியர்கள் கணக்கில் கோபம் கல்லீரலையும், துக்கம் நுரையீரலையும், பயம் சிறுநீரகத்தையும் தாக்கும்; ஓயாமல் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பது, ‘ச்சி’ என்று அவர்கள் சொல்லும் உயிராற்றலை முடிச்சுப்போட்டு மண்ணீரலைக் கெடுக்கும். அவர்கள் சொல்லும் மண்ணீரல், அறுவை மருத்துவர் காணும் உறுப்பு அன்று. தின்ற சோற்றைத் தெம்பாக மாற்றும் வேலைக்கு அவர்கள் இட்ட பெயர் அது. வேதியியல் படித்த நீ இதைக் கேட்டுச் சிரிப்பாய். நானும் இதை உடற்கூற்றியலாக எடுத்துக்கொள்ளவில்லை. கவலைப்படுகிறவனுக்குப் பசி போய்விடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கொடுத்த மருந்து மூன்றே பொட்டலம். மண்சட்டியில் மூன்று கிண்ணம் நீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். இரும்புச் சட்டி ஆகாது. அடுப்பை விட்டு நகரவும் கூடாது. அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்ததே பாதி மருந்து என்று இப்போது தோன்றுகிறது. மற்றதெல்லாம் ஒழுங்குதான். காலை ஏழு முதல் ஒன்பது வரை இரைப்பையின் நேரம் என்பதால் அதற்குள் சூடான கஞ்சி குடிக்க வேண்டும், ஐஸ் தண்ணீரைத் தொடக் கூடாது, இரவு பதினொன்றுக்கு முன் படுத்துவிட வேண்டும், படுக்கும் முன் வெந்நீரில் கால் நனைத்து உள்ளங்காலைத் தேய்க்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘யாங்ஷெங்’, உயிரைப் பேணி வளர்த்தல். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற மருத்துவர், நோயின் காரணத்தைக் கண்டறிந்து முதலில் உணவால் சரிசெய்யப் பார்க்க வேண்டும், உணவு கைவிட்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஹுவாங்டி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூல் இன்னும் கடுமையாகச் சொல்கிறது: நோய் வந்த பிறகு மருந்து தேடுவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதைப் போன்றதாம்.

அதே நூல் பருவத்துக்கு ஒரு வழக்கமும் சொல்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஆகையால் எனக்கு அது பயன்பட்டதில்லை. உனக்கு இப்போது குளிர்காலம் என்பதால் எழுதுகிறேன். குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, வெயில் வந்த பிறகு எழ வேண்டும். உடம்பு சேமித்துவைக்கும் காலம் அது, கலைக்கக் கூடாது. நீயோ நள்ளிரவு வரை விழித்திருந்து ஐந்தரைக்கு இருட்டில் ஓடப்போகிறாய். இதில் என் பங்கும் உண்டு. பள்ளி நாட்களில் இரவு பன்னிரண்டு மணிக்குக் காப்பி கலந்து கொடுத்து உன்னைப் படிக்கவைத்தவள் நான்தானே.

காலையில் ஒரு பிடி அரிசியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, இரண்டு வில்லை இஞ்சியும், கொட்டை நீக்கிய நான்கு சீனச் சிவப்புப் பேரீச்சையும் (இலந்தை வகை) போட்டுக் குடி. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளந்து, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி அழுத்தினால் ஓரிடத்தில் லேசாக வலிக்கும். அங்கே கட்டைவிரலால் இரண்டு நிமிடம் அழுத்து. வயிற்றுக்கு அதைத்தான் சின்சே எனக்குச் சொன்னார். குமட்டினால், மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கும் நடுவில் அழுத்து. உன்னைச் சுமந்த மாதங்களில் அந்த இடம் எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சீன மருந்து என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதே. சின்சே மருந்தில் குணமானதில் மயங்கி, இரண்டு ஆண்டு கழித்து இரவுச் சந்தையில் ஒருவனிடம் முட்டிவலிக்கு ஒரு தூள் வாங்கித் தின்றேன். மூன்றே நாளில் வலி பறந்தது. ஒரு மாதத்தில் முகம் உப்பிப்போனது. மூலிகை என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்றிருக்கிறான் என்று டாக்டர்தான் கண்டுபிடித்தார். நல்ல கடைச் சரக்கிலும் ஆபத்து உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை தின்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள வேறொன்று சேர்ந்துவிட்டதுதான் காரணம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் இப்போது நான் டாங்குயி என்ற சீன மூலிகை வேரைத் தொடுவதில்லை.

நம்புவதா வேண்டாமா என்று நீ கேட்பாய். து யூயூ என்ற சீன விஞ்ஞானிப் பெண்மணி செய்ததைப்போல் செய். மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற சீன மருத்துவர் எழுதிய குறிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்தவர், சூட்டில் மருந்து கெடுகிறதோ என ஐயப்பட்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் பிரித்தெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை மதித்து வாசித்தார். வாசித்ததைச் சோதித்தும் பார்த்தார்.

பேரீச்சையும் சாமந்திப்பூவும் பார்சலில் அனுப்பலாம் என்று எடுத்துவைத்தேன். உங்கள் ஊர்ச் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று தம்பி தடுத்துவிட்டான். பாக்ஸ் ஹில் பக்கம் சீனக் கடைகள் நிறைய உண்டாமே, அங்கே வாங்கிக்கொள். சீன மருத்துவரைப் பார்ப்பதானால் பதிவு பெற்றவராகப் பார். ஆஸ்திரேலியா முழுவதும் 2012 முதல் சீன மருத்துவர்களுக்குப் பதிவு கட்டாயம். உன் டாக்டரிடமும் சொல்லிவிட்டே எதையும் சாப்பிடு. எடை இன்னும் குறைந்தால் கஞ்சியோடு நிற்காமல் மறுபடியும் அவரிடமே போ.

இனி ஞாயிறுதோறும் நானே எட்டு மணிக்கு அழைக்கிறேன். அப்போது உனக்குப் பத்து. நீ வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பேசு. பத்தரை ஆனதும் நான் வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா