நாட்டுப்படகு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டப்படும். போன ஆண்டு ஒட்டியது மறுநாளே மீன் பொட்டலமானது. இந்த முறை கொஞ்சம் உயரத்தில் ஒட்டுகிறேன்.

செயற்குழு 5 முறை கூடியிருக்க வேண்டும், 3 முறை கூடியது. மற்ற இரண்டு நாளும் நானும் பொருளாளரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். வரிவிலக்கு டீசல் சம்பந்தமாக மீன்வளத்துறைக்கு மனு கொடுத்தோம். நவம்பர் 21, உலக மீனவர் தினத்தன்று கொடியேற்ற இருந்தோம். முந்தைய நாள் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் கொட்டித் தீர்த்த மழையில், வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைக்கவே பொழுது சரியாகப் போய்விட்டது.

அடுத்து, ‘கூடமாட வேலை’ திட்டம். மெக்கானிக் எஞ்சினைப் பார்க்கும்போது வள்ளத்துக்காரரும் கூட நின்று சின்னச் சின்ன வேலையைத் தானே செய்வதுதான் இது. ‘மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க நம்மைக் கிரீஸ் அப்ப வைக்கிறார் செயலாளர்’ என்று ஏலக்கூடத்தில் அடிபடும் பேச்சு என் காதுக்கும் வந்ததால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் அண்ணாந்து பார்க்கிறோம். அமெரிக்காவில் தனி ஆட்களே சின்ன விமானம் வைத்திருக்கிறார்களாம். அங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது விவரம் சொன்னான். விமானி உரிமம் உள்ள சொந்தக்காரர், வாடகைக்கு விடாத தன் விமானத்துக்கு ஆயில் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடலாம், டயர் மாற்றலாம். செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். 12 மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை உண்டு. அதில் அவர் மூடிகளைக் கழற்றித் தரலாம், அழுக்குத் துடைக்கலாம், மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் கிரீஸும் போடலாம். ஆனால் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அதற்கென்றே அதிகாரம் பெற்ற மெக்கானிக் மட்டும்தான். நடுவானத்தில் எஞ்சின் நின்றால் இறங்கித் தள்ள முடியாதே. நமக்கு மட்டும் கடலில் முடிகிறதா?

அதனால்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளங்களைக் கரையேற்றி, மெக்கானிக் அண்ணனை வரவழைத்தோம். முதலில் அவருக்கே இதில் இஷ்டமில்லை. ‘பாதி வேலையை நீங்களே பார்த்தால் எனக்கு என்ன கூலி?’ என்றார். உப்புப் பூத்த போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு, எஞ்சினைத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகு வாய் திறக்கவில்லை. ஒரு வள்ளத்துக்கு ஆகும் நேரத்தில் மூன்று வள்ளம் முடித்துவிட்டுப் போனார்.

தொழிலில் 20 வருஷம் பழுத்த ஒரு உறுப்பினர் அன்றுதான் தன் டீசல் பில்டரை முதன்முதலாகத் திறந்தார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. அதைக் கொட்டிவிட்டு, உள்ளே புகுந்த காற்று வெளியேற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கச் சொன்னார் அண்ணன். முதலில் நுரையாக வந்தது; அமுக்க அமுக்கக் குமிழி குறைந்து டீசல் தெளிவாக வழிந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். தை மாதம் குருசடைத் தீவுக்குத் தெற்கே அவர் எஞ்சின் நின்றபோது, இதே வேலையைத் தானே செய்து கரை சேர்ந்தார். முன்னெல்லாம் என்றால் இன்னொரு வள்ளத்தைக் கூப்பிட்டு, கட்டி இழுத்து வந்ததற்கு டீசல் காசும் கொடுத்திருப்பார். மேடையில் வந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன், வெட்கப்படுகிறார்.

இன்னொருவர் கதை வேறு. யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பலகையில் சுண்ணாம்பால் எழுதியே வைத்திருந்தேன். மெக்கானிக் வருவதற்குள் ஹெட் போல்ட்டில் கை வைத்து முறித்துவிட்டு, ‘சங்கம்தானே செய்யச் சொன்னது’ என்றார். சங்கம் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆயில் மாற்றிய தேதி எழுத 28 நோட்டு வாங்கிக் கொடுத்தோம். ஏதாவது எழுதித் திரும்பி வந்தவை 9. அதில் ஒன்றில் இருப்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

வரவு செலவு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சில்லறைப் பற்றாக்குறையை ஒருவர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டினார். அவர் பெயர் வேண்டாம், அறிக்கை வாசிப்பவரே சொன்னால் நன்றாக இருக்காது. சந்தா மாதம் 50 ரூபாய். பாக்கிப் பட்டியல் பொருளாளர் பையில் இருக்கிறது, வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆயில் பில்டர் வந்த அன்று வரிசையில் முதலில் நின்றவர்கள் யார் என்று பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும், இடம் தந்த ஏலக்கூடத்தாருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளைஞர் யாராவது செயலாளராக வந்தால் கருவிப் பெட்டிச் சாவியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். மெக்கானிக் அண்ணன் கூலியைக் குறைத்து வாங்குவது என் முகத்துக்காகத்தான் என்பதையும் வருகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த கரையேற்றம் வாடை தொடங்குவதற்கு முன். சந்தா கட்டியவர்களின் வள்ளத்துக்கு முதல் இடம்.

அப்புறம், தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் கழற்றும் புல்லர் தை மாதத்திலிருந்து காணவில்லை. எடுத்தவர் ராத்திரியில் என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம். விளக்கை அணைத்தே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்