எடைக்குப் போடாதீர்கள், கேட்க ஓர் அறை கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருப்பதைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை கோவைப் பதிப்பில் எழுதியிருந்தீர்கள். திரைப்பாடல், பக்திப்பாடல் தட்டுகளைப் பற்றி விரிவாகவே இருந்தது. ஆனால் நம் கொங்கு நாட்டு வீடுகளின் அட்டாலியில் இன்னொரு வகைத் தட்டும் தூசி படிந்து கிடக்கிறது. அது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ் இசை. நாற்பது ஆண்டுகளாக அதைத் தேடி அலைகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பது தொழில். வயது 66. பதினெட்டு வயதில் எடுபிடியாகச் சேர்ந்த பட்டறையில் இரவு ஷிப்டு முழுக்க முதலாளியின் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சி வரும். 1955-லிருந்து அதை நடத்திவந்த வில்லிஸ் கானவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த எனக்கே புரியும். டியூக் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் என்ற ஜாஸ் கலைஞர்களின் பெயர்களை அவர் வாயிலிருந்துதான் முதன்முதலில் கேட்டேன். அலை ஏறி இறங்கும். சாக்ஸபோன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டு மேலே வருவது போல இருக்கும். அந்த ஓசையை ஒரு நாளாவது சேதாரமில்லாமல் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான் தட்டு வாங்கத் தொடங்கினேன். இன்று என்னிடம் 412 தட்டுகள் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்றைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போத்தனூரைத் தாண்டிப் போனால் செட்டிபாளையம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஊர் என்றால் கார் பந்தயத் தடம். அங்கே 1914 டிசம்பர் 22-ஆம் தேதி பிறந்த ராமசாமி என்பவர் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று சுவாமி சச்சிதானந்தர் ஆனார். 1966-ல் அமெரிக்கா போனார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவில் லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால் தொடக்க உரை ஆற்றியவர் அவர்தான்.

ஜான் கோல்ட்ரேன் 1967-ல் நாற்பதே வயதில் இறந்துவிட்டார். அவர் மனைவி ஆலிஸ் பியானோக் கலைஞர். கையில் நான்கு குழந்தைகள். கணவர் செய்யச் சொல்லியிருந்த, யாழ் போன்ற ஹார்ப் வாத்தியம், அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலிஸ் உறக்கமிழந்து உடல் இளைத்துப்போயிருந்தார். அந்தத் துயரக் காலத்தின் முடிவில் அவருக்குக் குருவாக அமைந்தவர் நம் செட்டிபாளையத்துக்காரர். 1970 நவம்பரில் நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸில் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆலிஸ் பெரும்பகுதியைப் பதிவு செய்து, 1971-ல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட தட்டின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. உலகம் முழுக்க ஜாஸ் சேகரிப்பவர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் தட்டுகளில் ஒன்று, செட்டிபாளையத்தில் பிறந்தவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. செட்டிபாளையத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊசியை வைத்ததும் முதலில் தம்பூரா. துளசி என்ற பெயரில் ஒருவர் மீட்டுகிறார். நம் கச்சேரியில் கேட்கும் அதே தம்பூராதான். அதன்மேல் செசில் மெக்பீயின் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவி நாலைந்து சுரத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஏற்றம் இறைக்கிறவனின் நடை போல, அவசரமே இல்லாமல். பிறகு ஹார்ப் தண்ணீர் தெளிப்பது போலச் சிதறுகிறது. அதற்கப்புறம்தான் ஃபரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன் வருகிறது. முதல் முறை கேட்டபோது எனக்குப் பேரூர் கோயில் நாகசுரம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

1971-ன் முதல் பதிப்பு என் கைக்கு எட்டாத விலை. மறுபதிப்புக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் கொண்டுவந்து, "மாமா, மடங்காமல் வந்துவிட்டது" என்று கொடுத்தான். அதைவிடப் பெரிய தேடல் இன்னொன்று. 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் ஆலிஸ் ஒரு கச்சேரி செய்தார். அது சச்சிதானந்தரின் யோகக் கழகத்துக்கு நிதி திரட்ட நடந்தது. இரண்டு சாக்ஸபோன், இரண்டு டபுள் பாஸ், இரண்டு டிரம்ஸ், கூடவே தம்பூராவும் ஹார்மோனியமும். அந்த ஒலிப்பதிவு முழுமையாக இரட்டைத் தட்டாக வெளிவந்தது 2024-ல். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து! அதில் நம் ஊர்க்காரர் பெயர் கொண்ட அந்தப் பாட்டுதான் முதலில் ஒலிக்கிறது.

மறுபதிப்பு என்றால் இளக்காரமாகப் பார்க்கிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-ல் பதிவானது. முதல் நாள் ஓடிய ஒலிப்பதிவுக் கருவியின் வேகம் கொஞ்சம் பிசகிவிட்டதால், முதல் பக்கத்து மூன்று பாடல்களும் தட்டில் சுருதி ஏறி ஒலித்தன. 1992-ல் மறுபதிப்பு தயாரித்தபோதுதான் மாற்று நாடாவை வைத்து அதைச் சரிசெய்தார்கள். என் மனைவியின் சுருதிப்பெட்டியை வைத்து என்னிடமுள்ள பழைய தட்டையும் புதிய பதிப்பையும் ஒத்துப் பார்த்தேன். பழையதில் இம்மியளவு ஏற்றம். ஆக, அன்று அவர்கள் வாசித்ததை வாசித்தபடி கேட்க வேண்டுமானால் மறுபதிப்பைத்தான் போட வேண்டும். புளூ நோட் நிறுவனம் 2019-ல் தொடங்கிய டோன் பொயட் மறுபதிப்பு வரிசைத் தட்டுகளை மூல நாடாவிலிருந்தே பொறியாளர் கெவின் கிரே வெட்டுகிறார். அவற்றில் ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஒருமுறை தீர்ந்துவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. தீர்ந்தவை சில மாதங்களில் இரண்டு மடங்கு விலைக்குப் போகின்றன. அப்படி வாங்கி, மேலே சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் பூட்டி வைப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இசைத்தட்டு என் தொழிலுக்கு நெருங்கிய உறவு என்பதையும் சொல்ல வேண்டும். தட்டு பிறப்பதே லேத்தில்தான். அலுமினியத் தகட்டின்மேல் அரக்கு போன்ற பூச்சைப் பூசி, சுழலவிட்டு, சூடேற்றிய கூர்முனையால் வெளியிலிருந்து உள்ளாக ஒரே வரியை வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளியும் நிக்கலும் ஏற்றி அச்சு எடுக்கிறார்கள். வரி முடிந்து, லேபிளுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். வெட்டியவர் தம் அடையாளத்தை அங்கேதான் விட்டுப்போவார். நியூ ஜெர்சியில் தம் பெற்றோர் வீட்டு முன்னறையிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய ரூடி வான் கெல்டர் தம் பெயரின் மூன்று எழுத்தை அங்கே பொறித்தார். பழைய புளூ நோட் தட்டுகளில் ஆலைக்காரர்கள் இட்ட குறி ஒன்று காது வடிவில் இருக்கும். சேகரிப்பவர்கள் அதைக் காது என்றே சொல்வார்கள். நம் வார்ப்படப் பட்டறைகளிலும் வார்ப்பின் ஓரத்தில் குறி போடுவது உண்டல்லவா? பூதக்கண்ணாடியில் அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் கடல் தாண்டி இருந்த ஒரு பட்டறைக்காரருக்கு வணக்கம் சொல்கிறேன்.

இந்தத் தட்டுகள் நம் பக்கம் எப்படி வந்தன? போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வழியாகச் சில. வால்பாறைத் தோட்ட பங்களாக்கள் வழியாகச் சில. எழுபதுகளில் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர்களின் பெட்டிகளில் சில. போத்தனூரில் ஓர் அம்மையார் தம் கணவர் வைத்திருந்த பதினோரு தட்டுகளை எனக்குக் கொடுத்தார். டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' அதில் ஒன்று. ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் போகும் 'டேக் ஃபைவ்' அதில்தான் இருக்கிறது. பணம் வாங்க மறுத்துவிட்டார். "கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்து ஒரு தட்டு போட்டுக் காட்டுங்கள் தம்பி, அது போதும்" என்றார். ஆறு கிறிஸ்துமஸுக்குப் போனேன். ஏழாவதற்கு அவர் இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படி அமைவதில்லை. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர், தம் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தட்டுகள் ஒரு மூட்டை இருப்பதாகச் சொன்னார். பட்டறையில் வேலை நெருக்கடி. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். போய்ச் சேர்ந்தபோது, "வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள் அண்ணா, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார். பேப்பர் கடையில் விசாரித்தேன். அட்டைகள் காகிதத்தோடு லாரி ஏறிவிட்டன. தட்டுகள் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன. திரும்பி வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஆடிக்கொண்டிருந்த இரும்பு பீரோவின் கால் அடியில் நான்காய் மடித்துச் செருகியிருந்த அட்டை கண்ணில் பட்டது. ஓரத்தில் ஆரஞ்சும் கறுப்பும். இம்பல்ஸ் நிறுவனத்தின் அடையாளம் அது. எடுத்துப் பிரித்தேன்: கோல்ட்ரேனின் 'இம்ப்ரஷன்ஸ்'. 'இந்தியா' என்றே ஒரு பாட்டு உள்ள தட்டு. அந்தப் பாட்டு 1961-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு அரங்கில் நேரடியாகப் பதிவானது. அட்டை இருக்கிறது, தட்டு இல்லை. பீரோ காலுக்கு மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை வெட்டி வைத்துவிட்டு, அட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் என் அலமாரியில் தட்டில்லாமல் நிற்கிறது.

வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்; புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், வெயில் படாமல். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கனமான பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இளம் வயதில் எலிங்டன் தட்டு ஒன்றை நானே அப்படித் துடைத்து அழித்திருக்கிறேன். துணியில் ஒட்டி வந்த கறுப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இனி என் கோரிக்கை. காந்திபுரத்தில் 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டிய தந்தை பெரியார் நூலகத்தில், இசைத்தட்டு கேட்பதற்கென ஓர் அறை வேண்டும். பெரிதாக வேண்டாம், பத்துக்குப் பத்து போதும். ஒரு ரெக்கார்டு பிளேயர், நான்கு ஹெட்போன், தட்டுகளை நிறுத்தி வைக்க மர அலமாரி, ஊசியைக் கையாளத் தெரிந்த ஓர் ஊழியர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் காட்சிப்பொருளாக ஆக்கிவிடக் கூடாது. கேட்பதற்குத்தான் தட்டு. அப்படி ஓர் அறை அமைந்தால் என் 412 தட்டுகளையும், நானே பழுது பார்த்து வைத்திருக்கும் இரண்டு பிளேயர்களையும் ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிறேன். பிளேயருக்குப் பழுது என்றால் என் கை ஓடும்வரை நானே வந்து பார்த்துத் தருவேன். என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் இதே போலச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அறைக்குச் சச்சிதானந்தர் பெயரையோ ஆலிஸ் கோல்ட்ரேன் பெயரையோ வைத்தால் மகிழ்வேன்; வைக்காவிட்டாலும் தட்டுகள் வரும்.

அதுவரை, ஒவ்வோர் ஆண்டும் சச்சிதானந்தர் பிறந்த டிசம்பர் 22 அன்று மாலை ஆறு மணிக்கு லேத்தை நிறுத்திவிட்டு, பட்டறையிலேயே அவர் பெயர் கொண்ட அந்தத் தட்டைப் போடுகிறேன். சென்ற ஆண்டு பதினேழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இருவர் செட்டிபாளையத்துக்காரர்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.