பேரேடு யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் பல வருடமாக கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பார்த்துவருகிறேன். பெரிய கம்பெனிகள் பிளாக்செயினில் (பல தரப்பினர் பகிர்ந்துகொள்ளும் மின்னணுப் பேரேட்டில்) பணம் போடுவது பற்றிய உங்கள் கட்டுரையில் டிரேட்லென்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

கப்பல் சரக்கின் ஆவணங்களையும் நகர்வையும் சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க, மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த பிளாக்செயின் தளம் அது. அதற்கு முன்பே, 2014-ல், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு குளிர்பதன கன்டெய்னரை மெர்ஸ்க் பின்தொடர்ந்து பார்த்தது. கிட்டத்தட்ட 30 தரப்பினரைத் தாண்டித்தான் சரக்கு போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குள் நடந்த தகவல் பரிமாற்றம் மட்டும் 200-க்கு மேல்! எங்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. போன மாதம் முந்திரிக்கொட்டை கன்டெய்னர் ஒன்று துறைமுகத்துக்கு வந்து நின்றது, ஒரிஜினல் பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை எடுக்கக் காட்டவேண்டிய கப்பல் ஆவணம்) வரவில்லை. மூன்று ஒரிஜினலும் ஏதோ ஒரு பேங்க் மேசையில் கிடந்தன. டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், நாளுக்கு நாள் ஏறியது. பார்ட்டி காலையும் மாலையும் போன் போட்டுக் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. இந்தத் தலைவலி தீரும் என்று நம்பி டிரேட்லென்ஸை மனதார வரவேற்றவன் நான்.

2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். தளம் நன்றாகத்தான் உருவானது, உலகம் முழுக்க இந்தத் துறை ஒன்றுசேர்ந்து வரவில்லை என்றது மெர்ஸ்க். மெர்ஸ்க்குக்குப் போட்டியான எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹபாக்-லாயிட் கப்பல் கம்பெனிகள் எல்லாம் 2019-லேயே சேர முன்வந்தன, சரி. ஆனாலும் போட்டிக்காரர் நடத்தும் பேரேட்டில் தன் சரக்குக் கணக்கை முழுசாக எழுதிவைக்க யாருக்கு மனம் வரும்?

வால்மார்ட் கதை வேறு. நறுக்கிய மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அங்கே முதலில் 6 நாள் 18 மணி 26 நிமிடம் ஆனது. பிளாக்செயினில் 2.2 விநாடி. ஆனால் அங்கே வாங்குபவர் ஒருவர்தான். '2019 செப்டம்பருக்குள் இதில் சேருங்கள்' என்று கீரை சப்ளையர்களுக்கு அவர் கடிதம் போட்டால் மறுக்க முடியுமா? கடல் வாணிபத்தில் அப்படி உத்தரவு போடும் முதலாளி இல்லை.

2023 பிப்ரவரியில் ஒன்பது பெரிய கப்பல் கம்பெனிகள், பொதுவான தரத்தின்படி 2030-க்குள் பி.எல். முழுவதையும் மின்னணு வடிவத்துக்கு மாற்றுவதாக உறுதி கொடுத்திருக்கின்றன. அதற்குப் பிளாக்செயின் என்று பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களுக்கு வேண்டியது அதுதான். அது எந்த அளவில் நிற்கிறது, எங்களைப் போன்ற சிறிய ஏஜென்டுகள் அதில் எப்படிச் சேருவது என்று தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்,
தூத்துக்குடி