பல்பு மேல் தப்பில்லை, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

அம்பாசடர் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, 100/90 பல்பு (பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90) வாங்கி மாட்டப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வேலையை நான் 1998-லேயே செய்து பார்த்தாயிற்று, இதே வண்டியில். வால்பாறையிலிருந்து ராத்திரி இறங்குகிறோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் டேஷ்போர்டுக்கு அடியில் கருகல் வாடை. அடுத்த வளைவில் இரண்டு விளக்கும் ஒன்றாகப் போய்விட்டன. உன் அம்மா ஜன்னல் வழியே டார்ச்சை நீட்டிப் பிடித்துக்கொண்டு வர, ஊர்ந்தே இறங்கினோம். மறுநாள் பிரித்தால் சுவிட்ச் உருகிக் கிடந்தது. புது சுவிட்ச் வைத்து, பழைய 60/55 பல்பையே மாட்டிவிட்டேன். ஊரார் வண்டிக்கெல்லாம் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) போட்டவன் நம் வண்டிக்குப் போடவில்லை. சோம்பல்தான்.

இப்போதும் பல்பு மேல் தப்பில்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் சுவிட்சுக்கு வந்து, காலில் மிதித்து டிம், பிரைட் மாற்றுகிற டிப்பருக்குப் போய், மறுபடி முன்னால் ஓடுகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் அந்தப் பழைய வயரிலும் தேய்ந்த காண்டாக்டிலும் போனால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 100/90 போட்டால் அதே வயரில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்ச் உருகாமல் என்ன செய்யும்?

தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்கிறதே, ரிலேயும் அதே சங்கதிதான். பட்டனைத் தொடுகிற கை மோட்டார் கரண்டைத் தாங்குவதில்லை; உள்ளே காயில் (கம்பிச் சுருள்) இழுத்து காண்டாக்டைச் சேர்க்கிறது. ரிலே காயிலுக்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம். பழைய சுவிட்ச் அதை மட்டும் தாங்கினால் போதும்; பல்பு கரண்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே போய்விடும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டு ரிலே வாங்கு. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு. ரிலேயின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண் உண்டு. பல்புக்கு வருகிற டிம் வயரை ஒரு ரிலேயின் 86-லும் பிரைட் வயரை மற்றதன் 86-லும் கொடு. 85 எர்த், அதாவது வண்டி பாடிக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 30-க்கு. 87-லிருந்து அதே கனத்தில் இரண்டு பல்புக்கும். ரிலேக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். ஃப்யூஸுக்கு முன்னால் வயர் நீளமாக ஓடி எங்காவது பாடியில் உரசினால் தீதான். இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ் வைக்காதே, வால்பாறை கதைதான் மறுபடி. பல்பு எர்த்தையும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு புதிதாகப் போடு; பாதி வண்டிகளில் கோளாறே அங்கேதான்.

கடைக்காரர் ஐந்து கால் ரிலே கொடுத்தால், நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொடாதே. அது ரிலே இழுக்காதபோது சேர்ந்திருக்கிற கால். ஒருமுறை அவசரத்தில் அதில் மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டால் அணைகிறது, அணைத்தால் எரிகிறது! வண்டிக்காரர் இன்றும் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

ரிலேயின் கால்கள் கீழே பார்த்திருக்கட்டும், மழைத்தண்ணீர் நிற்காது. வேலை முடிந்ததும் சமதரையில் சுவருக்கு நேராக நிறுத்தி, டிம் வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணுக்கு ஏறாமல் இறக்கி வை.

என் மல்டிமீட்டரை நீதான் எடுத்துப் போயிருக்கிறாய் என்கிறாள் உன் அம்மா. எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் எவ்வளவு, பல்பு காலில் எவ்வளவு என்று இப்போது ஒருமுறை, ரிலே போட்டபின் ஒருமுறை அள. நான்கு எண்ணையும் எழுதி அனுப்பு. மீட்டர் உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா