ஹார்லி பற்றிய கருத்துகளில் ஆண்டும் இன்ஜினும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியாகும் வாசகர் கருத்துகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒருவர் இதற்கு ஈடான வண்டியே கிடையாது என்று எழுதினால், மற்றொருவர் ஆயில் ஒழுகும், உடம்பை உலுக்கும், காசு முழுவதும் பெயருக்குத்தான் என்று மறுக்கிறார். இரு தரப்பினரும் தாங்கள் கண்டதைத்தான் எழுதுகிறார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அவர்கள் ஓட்டியது எந்த ஆண்டு வண்டி, அதில் இருந்தது எந்த இன்ஜின் என்ற விவரம் பெரும்பாலான கருத்துகளில் இல்லை. 1903இல் மில்வாக்கி நகரில் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் ஒரு நிறுவனத்தின் வண்டிகளை, அவை எல்லாம் ஒன்றே என்பதுபோல் பேசினால், புதிதாக வாங்க நினைப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஆயில் ஒழுகும் என்ற குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். 1969இல் ஏ.எம்.எஃப் என்ற பெருநிறுவனம் ஹார்லியை வாங்கியது. உற்பத்தியின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டிய வேகத்தைத் தரத்தில் காட்டாததால், அக்காலத்து ஷவல்ஹெட் இன்ஜின் வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வந்தது. அது நியாயமாகவே வந்த பெயர். 1981இல் பதின்மூன்று நிர்வாகிகள் சேர்ந்து நிறுவனத்தை மீட்டார்கள். 1983இல் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு அமெரிக்க அரசு கூடுதல் வரி விதித்து ஹார்லிக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. ஐந்தாண்டுகளுக்கு விதிக்கப்பட்ட அந்தப் பாதுகாப்பு இனி வேண்டாம் என்று 1987இல் நிறுவனமே கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே, 1984 மாடல்களில், அலுமினிய சிலிண்டர்களுடன் எவல்யூஷன் இன்ஜின் வந்து, கசிவுப் புகாரைப் பெருமளவு குறைத்துவிட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயினும் ஏ.எம்.எஃப் காலத்து வசையை இன்றைய வண்டியின் மேல் ஏற்றி எழுதுபவர்கள் குறையவில்லை.

ரசிகர்கள் பேசாமல் கடந்துபோகும் குறைகளும் உண்டு. 1999 மாடல்களில் தொடங்கிய ட்வின் கேம் இன்ஜினில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளைச் சுழற்றும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் ஸ்பிரிங் விசையில் இயங்கின. அவற்றின் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து, துகள்கள் ஆயிலில் கலந்து, கவனிக்காமல் விட்டால் ஆயில் பம்ப்பையே கெடுக்கும் நிலை இருந்தது. 2007க்குள் எல்லா ட்வின் கேம் வண்டிகளுக்கும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துவிட்டது. பழைய வண்டி வாங்க வருபவருக்கு, 2003ஆம் ஆண்டு வண்டிக்கும் 2008ஆம் ஆண்டு வண்டிக்கும் உள்ள இந்த ஒரு வேறுபாடு பத்துப் பாராட்டுரைகளைவிட முக்கியமானது. இதைச் சொல்லாமல் ட்வின் கேமைப் புகழ்ந்து எழுதுவது முறையன்று என்பதே என் கருத்து.

அதிர்வு பற்றிய சர்ச்சை வேறு வகையானது. இங்கே இரு தரப்பினரும் சண்டையிடுவது ஒரே உறுப்பைப் பற்றித்தான். 45 டிகிரி கோணத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் கனெக்டிங் ராடுகளும், அதாவது பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் தண்டுகளும், அந்தச் சுழல்தண்டின் ஒரே கிராங்க் பின்னில் மாட்டப்பட்டிருக்கின்றன. அதனால் எரிப்பு சம இடைவெளியில் நிகழ்வதில்லை. ஒரு சிலிண்டர் எரிந்து 315 டிகிரி சுழன்றதும் மற்றது எரிகிறது, அதன்பின் முதல் சிலிண்டரின் முறை வர 405 டிகிரி ஆகிறது. நின்றிருக்கும் ஹார்லியைத் திரும்பிப் பார்க்க வைக்கும் அந்தத் தாளம் தவறிய துடிப்பும், நெடும்பயணத்தில் கை மரத்துப்போகிறது என்று வாசகர் எழுதும் அதிர்வும் இந்த ஒரே அமைப்பிலிருந்து பிறந்தவை. அந்த ஒலியையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய 1994இல் விண்ணப்பித்து, 2000இல் அந்த முயற்சியை நிறுவனம் கைவிட்டது என்பதிலிருந்து அதற்கு அவர்கள் கொடுத்த மதிப்பு விளங்கும். அதிர்வைக் குறைக்க அவர்கள் செய்ததும் ஏராளம்: 2004இல் ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினை ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தினார்கள், 2017 மாடல்களில் அறிமுகமான மில்வாக்கி-எய்ட் இன்ஜினுக்குள் அதிர்வை ஈடுகட்டச் சுழலும் எதிரெடைத் தண்டைப் பொருத்தினார்கள். ஆகவே, 2003 ஸ்போர்ட்ஸ்டரில் கை மரத்தவரும், மில்வாக்கி-எய்ட் வண்டியில் நாள் முழுவதும் சுகமாகப் பயணித்தவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

சூடு பற்றிய புகாரை நான் முழுமையாக ஏற்கிறேன். பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் நிழலில் நிற்பதால் அதற்குக் காற்று போதுமான அளவு கிடைப்பதில்லை. அது இருக்கும் இடமோ ஓட்டுபவரின் தொடைக்கு அருகில். நெடும்பயணத்துக்கான சில டூரிங் மாடல்களில், வண்டி நின்றிருக்கும்போது பின் சிலிண்டரின் எரிப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை நிறுவனமே செய்தது என்றால், குறை கற்பனையல்ல என்று தெரிகிறது. நெரிசலில் தினமும் ஊர்ந்து செல்பவர் இதை அறிந்தே வாங்க வேண்டும். பெரிய டூரிங் வண்டிகளின் எடை 350 கிலோவைத் தாண்டும் என்பதையும் அவர் மறக்கக் கூடாது. மறுபக்கம், வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் இந்தப் பெரிய இன்ஜின்களில் அந்த வேலை நமக்கு இல்லை. பெல்ட் டிரைவ் இருப்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலையும் இல்லை. பழைய தொழில்நுட்பம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்கள் இந்த வசதிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. போர்ஷ் நிறுவனத்தின் துணையுடன் உருவான, திரவத்தால் குளிர்விக்கப்படும் இன்ஜினோடு 2001இல் வி-ராட் வந்தபோது, இது ஹார்லியே அல்ல என்று முகம் சுளித்தவர்கள் பழைய ரசிகர்களே. 2021இல் கரடுமுரடான பாதைகளிலும் செல்லும் பான் அமெரிக்கா என்ற வண்டி வந்தபோதும், 2023இல் இந்தியாவில் ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்துடன் இணைந்து ஒற்றைச் சிலிண்டர் எக்ஸ்440 வந்தபோதும் அதே பேச்சு எழுந்தது. சூட்டையும் எடையையும் குறை சொல்லிவிட்டு, அவற்றைக் குறைக்கும் வண்டி வந்ததும் அதையும் தள்ளிவைத்தால், நிறுவனம் எந்தப் பக்கம்தான் நகர முடியும்? எக்ஸ்440 வண்டியை அதன் ஓட்டத்தையும் உழைப்பையும் வைத்தே எடைபோட வேண்டும். அதில் இரண்டு சிலிண்டர் இல்லை என்பதை எல்லாரும் அறிந்துதான் வாங்குகிறார்கள்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஹார்லி பற்றிய கருத்துகளை வெளியிடும்போது வண்டியின் மாடல், ஆண்டு, இன்ஜின் வகை, ஓடிய தூரம், நெரிசலிலா நெடுஞ்சாலையிலா எங்கே அதிகம் ஓட்டப்பட்டது ஆகியவற்றை எழுதியவரிடமே கேட்டுப் பெற்று, கருத்தின் தலைப்பிலேயே அச்சிட்டு உதவ வேண்டும். சொந்தமாக ஓட்டாமல் கேள்விப்பட்டதை மட்டும் எழுதுபவர்களின் கருத்துகளைத் தனியே குறித்துக் காட்டினால், பழைய வண்டி தேடும் வாசகர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்